உங்கள் பிராண்ட் ஆரஞ்சு பெட்டியில் ஏன் மாறியது? அச்சு நிறத்தை எண்ணால் அளப்பது எப்படி

ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் பேக்கேஜிங் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். 20,000 அட்டைப்பெட்டிகள் வந்து இறங்குகின்றன. பிரித்துப் பார்த்தால் ஆரஞ்சு கொஞ்சம் மங்கல். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். "எங்க டேபிள்ல கரெக்டாதானே சார் இருக்கு" என்று பிரஸ்ஸிலிருந்து பதில் வருகிறது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் திரும்ப அச்சடிக்கும் செலவு யார் தலையில்?

முதலில் அந்த போட்டோவை மறந்துவிடுங்கள். போன் கேமரா ஒவ்வொரு ஷாட்டிலும் ஒயிட் பேலன்ஸைத் தானாக மாற்றிக்கொள்ளும். கண்ணும் அவ்வளவு நம்பகமான சாட்சி இல்லை. டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் வேறுவேறாகத் தெரியலாம். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். புடவைக் கடையில் துணியை வாசலுக்கு எடுத்து வந்து பார்க்கிறோமே, அதே விஷயம்தான். அதனால்தான் அச்சுத் துறை டி50 என்ற 5,000 கெல்வின் வெளிச்சத்தைப் பொது அளவுகோலாக வைத்திருக்கிறது.

சரி, கருவி என்ன சொல்லும்?

பிரஸ்ஸில் இரண்டு கருவிகளைப் பார்க்கலாம். டென்சிட்டோமீட்டர், காகிதத்தின் மேல் மை எவ்வளவு கனமாக விழுந்திருக்கிறது என்று சொல்லும். மெஷின் ஓட்டுபவருக்கு அது போதும். ஆனால் அது நிறத்தைச் சொல்லாது. அதற்கு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வேண்டும். சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியில் எந்த அலைநீளம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, அதை மூன்று எண்களாக்கித் தரும். எல் என்பது வெளிச்சம். ஏ என்பது பச்சையிலிருந்து சிவப்பு வரை, பி என்பது நீலத்திலிருந்து மஞ்சள் வரை. 1976-இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் ஆணையம் கொண்டுவந்த முறை இது. (நம் தேசியக்கொடியின் காவிக்கும் எண் உண்டு. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 1, கொடியின் நிறங்களை சிஐஇ எண்களில்தான் வரையறுக்கிறது.)

உங்கள் ஆரஞ்சின் இலக்கு 62, 58, 64 என்று வைப்போம். பெட்டியில் அளந்தால் 60, 55, 58. வித்தியாசம் 2, 3, 6. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 49, அதன் வர்க்கமூலம் 7. பள்ளியில் படித்த பித்தாகரஸ்தான், வேறொன்றுமில்லை. இந்த 7-க்குப் பெயர் டெல்டா இ. பொதுவாக 1-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலானவர்களின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அப்படியென்றால் 7 பெரிய தப்பு, பிரஸ்தான் பணம் தர வேண்டும், இல்லையா?

அவசரப்படாதீர்கள். பளிச்சென்ற நிறங்களில் வரும் மாற்றத்தை நம் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பழைய சூத்திரத்துக்கு அது தெரியாது. அதைச் சரிசெய்ய வந்ததுதான் டெல்டா இ 2000. அதே இரண்டு ஆரஞ்சுகளை அதில் போட்டுப் பார்த்தேன், சுமார் 2.4 வந்தது. அதே பெட்டி, அதே மை. ஒரு கணக்கில் 7, இன்னொன்றில் 2.4. பர்ச்சேஸ் ஆர்டரில் "டெல்டா இ 5-க்குள்" என்று மட்டும் எழுதியிருந்தால், நீங்களும் ஜெயிக்கலாம், பிரஸ்ஸும் ஜெயிக்கலாம். ஆஃப்செட்டுக்கான ஐஎஸ்ஓ 12647-2-வின் 2013 பதிப்பில், சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மைகளுக்கு அனுமதிக்கப்படும் 5 என்பது பழைய சூத்திரப்படியான 5. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு சூத்திரத்தை விட்டுவிட்டால் சண்டை நிச்சயம்.

டேட்டா வேலை செய்பவளாக எனக்குக் கண்ணை உறுத்துவது இன்னொன்று: ரிப்போர்ட்டில் வரும் "சராசரி டெல்டா இ 2". பத்துக் கட்டங்களில் ஒன்பது 1, ஒன்று மட்டும் 11 என்றாலும் சராசரி 2-தான். அந்த ஒன்று உங்கள் லோகோவின் நிறமாக இருந்தால்? சராசரியோடு மோசமான கட்டத்தின் எண்ணையும் கேளுங்கள்.

பிரஸ் பக்க நியாயமும் இருக்கிறது. காகிதத்தில் விழும் புள்ளி கொஞ்சம் பரவும். ஃபைலில் 50 சதவீதமாக இருப்பது அச்சில் 65-ஐத் தாண்டலாம். காகிதம் வெள்ளையாகத் தெரியச் சேர்க்கும் பிரைட்னர் ரசாயனம் புற ஊதா ஒளியில் நீலமாக மின்னி அளவையே குழப்பும். மை காய்ந்ததும், மேலே லேமினேஷன் ஏறியதும் நிறம் மறுபடி நகரும். எல்லாவற்றையும் விட, ஸ்கிரீனில் ஜொலிக்கும் பல ஆரஞ்சுகள் நான்கு மைகளின் கலவையில் வரவே வராது. அதற்குத் தனியாகக் கலந்த ஸ்பாட் கலர் மை வேண்டும், அதற்குச் செலவு கூடும். இதை டிசைன் முடியும்போதே உங்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். பல நேரம் சொல்வதில்லை.

சிவகாசியோ நொய்டாவோ, அடுத்த ஆர்டரில் இலக்கின் மூன்று எண்கள், எந்தச் சூத்திரம், எவ்வளவு வரை சம்மதம், லேமினேஷனுக்கு முன்னா பின்னா அளப்பது என்பதை எழுதிவிடுங்கள். ஷீட் ஓரத்தில் அச்சாகும் கலர் பாரை வெட்டி எறிந்துவிடுவார்கள். அதனால் கையெழுத்திட்ட ஓகே ஷீட் ஒன்றை ஓரம் வெட்டாமல் வாங்கி, வெயில் படாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.