செப்பேடும் சங்கிலிப் பேரேடும்

கொச்சி நகரைச் சேர்ந்த மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் என்னும் குறுகிய தெரு உளது. அதன் ஒரு கோடியில், 1568-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற பரதேசி யூதப் பள்ளி நிற்கிறது. 1662-இல் போர்ச்சுகீசியரால் சேதமுற்ற இத்தொழுகையிடம், டச்சுக்காரர் காலத்தில் மீண்டும் சீர்பெற்றது. 1948-க்குப் பின் இவ்வூர் யூதர்களுட் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து விட்டனர். எனினும், இப்பள்ளியில் நெடுங்காலம் காக்கப்பட்டு வந்த செப்பேடுகள் இரண்டு ஆராய்ச்சியாளரின் கவனத்தை இன்றும் ஈர்த்து வருகின்றன.

சேர மன்னன் பாஸ்கர ரவி முயிரிக்கோட்டில் இருந்தபோது, ஜோசப் ரப்பான் என்பவருக்கு அளித்த சாசனம் அது. 72 உரிமைகளும், பல்லக்கு, குடை, பகல் விளக்கு முதலிய சிறப்புகளும், வரிவிலக்கும் அவருக்கும் அவர் வழியினருக்கும் வழங்கப்பட்டன. எழுத்து, வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம் கலந்தது. மொழியோ பழந்தமிழை ஒட்டியது. தமிழாசிரியர் ஒருவர் சற்று முயன்றால் பெரும்பகுதிக்குப் பொருள் கண்டுவிடலாம்.

இச்சாசனத்தை அக்காலத்தவர் எதனால் நம்பினர்? செம்பில் வெட்டிய எழுத்தைச் சுரண்டினால் தடம் தெரியும் என்பது ஒரு காரணம். ஆனால் அதனினும் பெரிய காரணம் ஏட்டின் இறுதியில் உளது. வேணாடு, வேணாபலிநாடு, ஏறநாடு, வள்ளுவநாடு, நெடும்புறையூர்நாடு ஆகிய ஐந்து நாடுகளின் தலைவர்களும், துணைப் படைத்தலைவனும் சாட்சிகளாகப் பெயர் குறிக்கப்பட்டுள்ளனர். எழுதியவன் பெயரும் உண்டு. பொய் எனின், யாரைக் கேட்பது என்பது தெரிந்திருந்தது.

கணிப்பொறியில் எழுதிய பதிவுக்கு இந்த வசதி இல்லை. அதில் ஒரு எண்ணை மாற்றினால் சுரண்டிய தடம் எதுவும் இராது. இக்குறையைத் தீர்க்க ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்னும் இருவர் 1991-இல் ஒரு வழி கூறினர். 2009-இல் தோன்றிய பிட்காயின் நாணயத்தால் பரவிய 'பிளாக்செயின்' என்னும் சங்கிலிப் பேரேட்டுக்கு இதுவே அடிப்படை.

கடைக் கணக்குப்பிள்ளை ஒரு பக்கத்தின் மொத்தத்தை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிக்கொள்வதை யாவரும் அறிவர். பழைய பக்கத்தில் ஒரு தொகையைத் திருத்தினால் பின்வரும் பக்கங்கள் ஒவ்வாமற் போகும். ஆனால் ஒரு வரியில் பத்து ரூபாய் கூட்டி, மற்றொன்றில் பத்து ரூபாய் குறைத்தால் மொத்தம் மாறாது. இத்தந்திரம் கணக்குப்பிள்ளைகளுக்குப் புதிதன்று. சங்கிலிப் பேரேட்டில் மொத்தத்துக்குப் பதிலாக ஒரு முத்திரை எண் கணிக்கப்படுகிறது. அது பெரும்பாலும் 256 இரும இலக்கங்கள் கொண்டது. பதிவில் ஒரு காற்புள்ளி மாறினும் அவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும். ஒவ்வொரு கட்டுப் பதிவிலும் முந்திய கட்டின் முத்திரை எண் அடங்கியிருக்கும். பேரேட்டின் படிகள் பல இடங்களில் இருப்பதால், ஓரிடத்தில் செய்த திருத்தத்தைப் பிற படிகள் காட்டிக்கொடுத்து விடும்.

இதனால் பதிவேடுகள் நம்பத்தக்கவை ஆகிவிடுமா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் விக்டோரியா லெமியூ இக்கேள்வியை ஆராய்ந்தவர். ஆவணவியல் பயின்ற அவர், ஜமைக்காவில் நொடித்துப்போன வங்கிகளின் பதிவேட்டு முறையைத் தம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். பின்னர் நிலப் பதிவேடுகளைக் கருத்திற்கொண்டு 2016-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் கண்ட முடிவு தெளிவானது: எழுதியது பின்னர் மாறாமல் காப்பதற்குச் சங்கிலி உதவக்கூடும், எழுதியபோதே அது மெய்யாக இருந்தது என்பதற்கு அது பொறுப்பேற்காது.

மழைமானியைப் பாராமலே வீட்டிலிருந்தபடி ஒருவர் 12 மில்லிமீட்டர் எனக் குறித்தால், சங்கிலி அந்தப் பொய்யையும் பழுதின்றிக் காக்கும். அளந்தவர் யார், எந்நேரத்தில் அளந்தார், உடனிருந்தவர் யார் என்பனவற்றைச் சங்கிலி தானாகச் சேர்த்துக்கொள்வதில்லை.

மட்டாஞ்சேரி ஏடுகளே இதற்குச் சான்று. அவற்றின் எழுத்து மாறவில்லை. ஆயினும் காலம் பற்றிய கருத்து வெகுவாக மாறியது. யூதர் மரபு அவற்றை கி.பி. 379 எனக் கொண்டது. ஏட்டிலோ மன்னனின் இரண்டாம் ஆண்டுக்கு எதிரான 36-ஆம் ஆண்டு, அதாவது 38-ஆம் ஆட்சியாண்டு என்று மட்டுமே உளது. வரலாற்றறிஞர் எம். ஜி. எஸ். நாராயணன், மற்றச் சாசனங்களோடு ஒப்பிட்டு, பாஸ்கர ரவி அரியணை ஏறியது 962 என்றும், சாசனம் கி.பி. 1000-ஐச் சேர்ந்தது என்றும் நிறுவினார்.

மற்றொரு வழக்கு அவ்வளவு எளிதில் தீரவில்லை. ஏடுகளை வைத்திருந்த பரதேசி யூதரும், அவர்களுக்கு முன்பே கேரளத்தில் வாழ்ந்த மலபார் யூதரும், ரப்பானின் உண்மையான வழியினர் தாமே என்று நெடுங்காலம் வாதிட்டனர். ஏடுகள் முதலில் தம்மிடம் இருந்தவை என்பது மலபார் யூதரின் கூற்று. வெட்டிய வரிகளில் இதற்கு விடை இல்லை; கொடுத்த பின் ஏடு எவர் கையினின்று எவர் கைக்குச் சென்றது என்பது அவற்றில் எழுதப்படவில்லை.