கைப்பேசியும் கவலையும் சந்தான பாக்கியமும்

திருமணமாகி நான்கைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர், ஆனைமலை மாசாணியம்மன் சந்நிதியிலும் திருச்செங்கோட்டு மலையிலும் நேர்ந்துகொண்ட பிரார்த்தனைகளை எல்லாம் செலுத்திவிட்டு, உறவினர் சொன்ன கஷாயங்களையும் விளம்பரம் சொன்ன சூரணங்களையும் உண்டு முடித்துவிட்டு, கடைசியாக மருத்துவரை நாடி வருகின்ற தம்பதிகளைக் கோயம்புத்தூரில் குழந்தையின்மைச் சிகிச்சைத் துறையில் இருக்கும் நாங்கள் அனைவரும் இடையறாது கண்டுவருகிறோம். மனைவியின் கையில் ஸ்கேன் படங்களும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளும் நிறைந்த தடித்த கோப்பு ஒன்று இருக்கும். கணவரின் கை வெறுமையாக இருக்கும். "தங்களுக்கு என்ன பரிசோதனை ஆயிற்று?" என்று கேட்டால், "எனக்கொண்ணும் எடுக்கலீங்க டாக்டருங்க. செல்போனைப் பேண்ட் பாக்கெட்டுல வெக்கறதுதான் காரணம்னு சொன்னாங்க, ஒரு வருசமாச் சட்டைப் பைக்கு மாத்திட்டனுங்க" என்று விடை வருகிறது.

வீணாகிப்போன அந்த ஒரு வருடத்தைப் பற்றியதே இக்கட்டுரை. கைப்பேசியும் மடிக்கணினியும் மனச்சஞ்சலமும் தீங்கே அறியாதவை என்று வாதாட நான் முன்வரவில்லை; ஆயினும், அவற்றின் மீது பழியைச் சுமத்திவிட்டு உரிய பரிசோதனையை ஒத்திப்போடுவது, அவை செய்யக்கூடிய தீங்கினும் பன்மடங்கு பெரிய தீங்கு என்பது என் உறுதியான அபிப்பிராயம். உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் என்றேனும் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு அறிவித்தது. இத்தனை பேருக்கு வருகிற ஒன்றை இவ்வளவு ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

கைப்பேசியின் மீது சாட்டப்படும் குற்றம்

இவ்விஷயத்தில் நடந்த பெரிய ஆராய்ச்சிகளில் ஒன்று ஸ்விட்சர்லாந்தில் நடந்தது. கட்டாய ராணுவச் சேவைக்காக உடற்பரிசோதனைக்கு வந்த 18 முதல் 22 வயது வரையிலான இளைஞர்களில் 2,886 பேரின் விந்தை 2005 முதல் 2018 வரை சேகரித்து ஆராய்ந்து, அதன் முடிவை 2023-இல் வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 20 முறைக்கு மேல் கைப்பேசியைப் பயன்படுத்தியவர்களிடம் விந்தணுக்களின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 4 கோடியே 45 லட்சமாகவும், வாரத்துக்கு ஒருமுறையோ அதனினும் குறைவாகவோ பயன்படுத்தியவர்களிடம் 5 கோடியே 65 லட்சமாகவும் இருந்தது. வேறுபாடு உண்மைதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் நம் பத்திரிகைகளில் வெளிவராத மூன்று செய்திகளும் அதனோடு சேர்ந்தவை. கைப்பேசியைக் கால்சட்டைப் பையில் வைத்தவர்களுக்கும் வேறிடத்தில் வைத்தவர்களுக்கும் யாதொரு வித்தியாசமும் காணப்படவில்லை. பழைய தலைமுறைக் கருவிகள் மாறிப் புதியவை வர வர, அந்தத் தொடர்பே படிப்படியாகத் தேய்ந்துபோயிற்று. மேலும், இயல்பு நிலையின் கீழெல்லையாக உலக சுகாதார நிறுவனம் குறித்திருப்பது ஒரு கோடியே 60 லட்சம். அதிகமாகக் கைப்பேசி பேசியவர்களின் நடுத்தர அளவுகூட அந்த எல்லையைவிட மிக உயரத்திலேயே இருந்தது.

வைஃபையைப் பற்றிய பீதிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, 2012-இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு சிறு ஆய்வு. 29 பேரின் விந்தைக் கண்ணாடித் தட்டிலிட்டு, இணையத்தோடு இணைந்த மடிக்கணினியின் கீழ் நான்கு மணி நேரம் வைத்தபோது அணுக்களின் இயக்கம் குறைந்தது என்று அது கூறுகிறது. தட்டிலே கிடக்கும் விந்தும் உடம்பின் பாதுகாப்புக்குள் நாள்தோறும் புதிதாக உற்பத்தியாகிக்கொண்டிருக்கும் விந்தும் ஒன்றல்ல என்பதை அந்தச் செய்தியைப் பரப்புகிறவர்கள் சொல்வதில்லை.

கைப்பேசிக் கோபுரத்தைக் கண்டு அஞ்சி வீட்டையே மாற்றிய ஒரு தம்பதியை நான் அறிவேன். நம் நாட்டில் 2012 செப்டம்பர் முதல், கோபுரங்களின் கதிர்வீச்சுக்கான வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டிருக்கிறது. கைப்பேசிகளுக்கும் உடல் ஈர்க்கும் அளவு கிலோவுக்கு 1.6 வாட் என்று அப்போதே கட்டுப்பாடு வந்தது. கருவியின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் 'கதிர்வீச்சைத் தடுக்கும்' சில்லுகளையும், வெள்ளி இழை நெய்த உள்ளாடைகளையும் வாங்குவதற்குச் செலவிடும் பணத்தில் ஒருமுறைக்குப் பலமுறை விந்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

உஷ்ணம் என்னும் மெய்யான பகை

கண்ணுக்குத் தெரியாத அலையைக் கண்டு நடுங்குகிறவர்கள், தொட்டால் சுடுகிற வெப்பத்தைப் பொருட்படுத்துவதில்லை. விந்தணு விருத்திக்கு உடல் வெப்பத்தினும் இரண்டு முதல் நான்கு பாகை குறைவான வெப்பம் வேண்டும். 2005-இல் நியூயார்க்கில் 29 இளைஞர்களை ஒரு மணி நேரம் மடிக்கணினியை மடியிலே வைத்துக்கொண்டு அமரச்செய்து அளந்தபோது, விரைப்பையின் வெப்பம் இரண்டரைப் பாகைக்கு மேல் உயர்ந்தது. அடியில் ஒரு மெத்தையை வைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். பின்னர் நடந்த சோதனையில், மெத்தை வைத்தும் கால்களை அகட்டியும் வெப்பம் ஏறுவது தாமதப்பட்டதேயன்றி நின்றுவிடவில்லை. ஆகவே மடிக்கணினி என்னும் பெயரை மறந்து, அதை மேஜையின் மீது வையுங்கள்.

நம் கொங்கு நாட்டிலோ மடிக்கணினியைவிடக் கொடிய உஷ்ணங்கள் பிழைப்போடு பின்னிக் கிடக்கின்றன. கணபதியிலும் பீளமேட்டிலும் வார்ப்படத் தொழிற்சாலைகளில் உலை முன் நிற்கிறவர்கள், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பாய்லர் அருகே வேலை செய்கிறவர்கள், சங்ககிரியிலிருந்து லாரியேறி எஞ்சினின் அனலில் பல நூறு மைல் உட்கார்ந்தே செல்கிறவர்கள் ஆகிய இவர்களுடைய தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் மருந்து எழுதுவது வைத்தியமாகாது. அவர்களும் தாமாகச் சொல்வதில்லை.

உஷ்ணம் என்றவுடன் நம்மவர் நினைவு 'உடம்புச் சூட்டின்' மீது சென்றுவிடுகிறது. வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பதும் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் உடலுக்குச் சுகமளிக்கலாம். அதை நான் தடுக்கவில்லை. நான் சொல்வது வெப்பமானியால் அளக்கக்கூடிய வெப்பத்தை. அது எஞ்சினையும் உலையையும் விட்டு விலகினால்தான் குறையும், வெந்தயத்தால் குறையாது. ஒரு விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறக்குறைய 74 நாட்கள் ஆகின்றன. எனவே உஷ்ணத்தைத் தவிர்த்தவர்கள் அதன் பயனை மறுவாரமே எதிர்பாராமல் மூன்று மாதங்கள் பொறுத்திருத்தல் வேண்டும்.

மனச்சஞ்சலம்: எவ்வளவு உண்மை, எவ்வளவு பழி

"கவலைப்படாதே அம்மிணி, நீ கவலைப்படறதுனாலதான் தங்க மாட்டேங்குது" என்று அத்தைமாரும் சித்திமாரும் சொல்லும் ஆறுதல், உண்மையில் ஆறுதலன்று. குழந்தையில்லாத குற்றத்தை அவள் மனத்தின் மீதும் ஏற்றிவிடும் ஒரு பழிச்சொல். அமெரிக்காவில் கருத்தரிக்க முயன்ற தம்பதிகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் நொதியொன்று மிகுந்திருந்த பெண்களுக்கு மாதந்தோறும் கருத்தரிக்கும் வாய்ப்பு 29 சதவீதம் குறைந்திருந்தது உண்மை. ஆயினும் அதே ஆய்வில், மன அழுத்த ஹார்மோன் என்று எல்லாரும் பேசும் கார்ட்டிசால் அவ்விதமான தொடர்பு எதையும் காட்டவில்லை. 2011-இல், 14 ஆராய்ச்சிகளில் அடங்கிய 3,583 பெண்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சைக்கு முன்பிருந்த மனத்துயரம் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பின் வெற்றி தோல்வியை மாற்றவில்லை என்றே தெரிந்தது. அழுதுகொண்டே சிகிச்சைக்கு வந்து தாயானவர்கள் அநேகம் பேர். அடைபட்ட கருக்குழாய் மன நிம்மதியால் திறந்துகொள்வதுமில்லை.

அழுத்தம் தன் வேலையைக் காட்டுவது பெரும்பாலும் வேறு வழியில். சரவணம்பட்டியில் கணவன் அமெரிக்கக் கம்பெனிக்காக இரவெல்லாம் விழித்திருக்க, மனைவி பகலில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லச் செல்கிறாள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போனவர் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. கரு உண்டாகக்கூடிய நாட்கள் ஒரு மாதத்தில் ஆறே ஆறு. கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமே அவை. அந்த ஆறு நாட்களில் இருவரும் ஒரே ஊரில் இல்லாதபோது எந்த ஔஷதம் என்ன செய்யும்? ஒரே கட்டிலில் இருந்தும் நள்ளிரவு வரை ஆளுக்கொரு திரையைப் பார்த்துவிட்டு உறங்கிப்போகிறவர்களின் நிலையும் இதற்கு வெகு தூரமில்லை. சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரமே உறங்கச் செய்தபோது, அவர்களுடைய ஆண்மைச் சுரப்பு 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது. கைப்பேசி தாம்பத்தியத்துக்குச் செய்யும் பெரிய தீங்கு அதன் அலையினாலன்று, அது திருடிக்கொள்ளும் இரவினால்தான் என்று நான் கருதுவது இதனாலேயே.

மலைவேம்பும் சிட்டுக்குருவி லேகியமும்

மாதவிலக்கு நாட்களில் வெறும் வயிற்றில் மலைவேம்பு இலைச் சாறு குடித்தால் கரு தங்கும் என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. கருக்குழாயில் காசநோய் புகுந்து அடைத்துக்கொண்டிருப்பது நம் நாட்டில் அரிதன்று. அந்த அடைப்பை எந்தச் சாறும் நீக்காது. கணவனுக்கு விந்தணுவே இல்லாதபோது, மனைவி குடிக்கும் கசப்பினால் யாருக்கு என்ன லாபம்? பேருந்து நிலையச் சுவர்களில் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் தங்குவதாக விளம்பரம் ஒட்டும் 'பரம்பரை வைத்தியர்கள்' விற்கும் லேகியங்களோ, இதனினும் மோசம். அவற்றில் சிட்டுக்குருவி இருக்கிறதா என்பதைவிட, வேறு என்ன கலந்திருக்கிறது என்பதே என் அச்சம். ஆண்மை வேறு, மகப்பேற்றுத் திறன் வேறு. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஆடவர்களிலும் நூற்றில் ஒருவருக்கு விந்தில் அணுக்கள் அறவே இருப்பதில்லை என்பதை ஊரறியச் சொல்லவேண்டியிருக்கிறது.

உடற்பயிற்சிக் கூடங்களில் தசை திரள்வதற்காகப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றி எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் தகும். ஆண்மையைப் பெருக்குவதாக எண்ணிப் போட்டுக்கொள்ளும் அந்த ஊசி, உடலின் சொந்த உற்பத்தியை முடக்கி விந்தணுக்களை அடியோடு இல்லாமற் செய்துவிடக்கூடும். நிறுத்திய பிறகும் அவை திரும்பிவர மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், ஆகிறது. அண்டைவீட்டுப் பெண்ணுக்கு எழுதிய சீட்டைக் காட்டி, கருமுட்டையைத் தூண்டும் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் வழக்கமும் அப்படியே. அம்மாத்திரைகளில் ஒன்றான லெட்ரோசோலை இப்பயன்பாட்டுக்கு 2011-இல் அரசு தடைசெய்து, 2017-இல்தான் மீண்டும் அனுமதித்தது. அவ்வளவு யோசனைக்குப் பிறகு அனுமதிக்கப்பட்ட மருந்தை, ஸ்கேன் கண்காணிப்பின்றிக் கடலைமிட்டாயைப் போல் உண்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பரிசோதனை

இவற்றையெல்லாம் நாடுவதற்கு முன் செய்துகொள்ள வேண்டியவை இவையே: கணவருக்கு விந்துப் பரிசோதனை, மனைவிக்கு ஹார்மோன் பரிசோதனையும் ஸ்கேனும். தேவைப்பட்டால் கருக்குழாய்ப் பரிசோதனை.

ஒரு விண்ணப்பம்

கைப்பேசியைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள், நான் தடுக்கவில்லை. படுக்கையறைக்கு வெளியே வைத்துவிடுங்கள், மிகவும் மகிழ்வேன். புகையையும் மதுவையும் விடுங்கள். உலையருகே நிற்பவர்கள் இடையிடையே விலகி நின்று உடலை ஆறவிடுங்கள். பருவமடைந்த பின் பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியிருந்தாலோ, சிறுவயதில் குடலிறக்க அறுவை நடந்திருந்தாலோ, விரைப்பையில் நரம்பு புடைத்திருந்தாலோ, வெட்கத்தைத் தள்ளிவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் வாருங்கள். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே வாருங்கள். ஏனெனில் அந்த வயதுக்குமேல் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் விரைந்து குறைகின்றன. இழந்த முட்டையை மீட்டுத்தரும் மருந்து எங்கள் எவரிடமும் இல்லை.

குழந்தையின்மைக்கான காரணங்களில் ஏறக்குறைய பாதியில் ஆணுக்கும் பங்கு உண்டு. கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: மருமகளை மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துச் செல்லும் மாமியார்மார்களே, அடுத்த முறை உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதல் பரிசோதனை அவருக்கே ஆகட்டும்.