விரால் பிடிக்கப் போறீங்களா? சிவப்புக் கூட்டம் தெரிஞ்சா தூண்டில் போடாதீங்க

குறுவைக்காக மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. கல்லணை தாண்டித் தண்ணீர் வந்ததும் தஞ்சாவூர் வாய்க்கால் கரைகளில் தூண்டில்காரர்களையும் பார்க்கலாம். மண்புழு, தக்கையோடு இப்போது ரீல், ரப்பர் தவளையும் சேர்ந்துவிட்டன. குறி, விரால்.

ஏன் ரப்பர் தவளை?

விரால் வேட்டை மீன். சின்ன மீனையும் தவளையையும் பாய்ந்து பிடிக்கும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கும். அந்தச் சலனம்தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சந்தைத் தொட்டியில் அது உயிரோடு கிடப்பதும் இதனால்தான்.

சிவப்புக் கூட்டம் என்றால்?

மழைக்காலத்தில் நீர்மட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் கொத்தாக நெளிவது விரால் குஞ்சுகள். அடியில் பெற்ற மீன் காவல் நிற்கும். அங்கே தவளை விழுந்தால் உடனே பாயும். பசியால் இல்லை, குஞ்சைக் காக்க.

பிடிச்சிட்டு விட்டுட்டா போதாதா?

போட்டோ எடுத்து விடுவதற்குள் காவலில்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடலாம். ஒரு விரால் போனால், அந்த ஈடு குஞ்சுகளே போனமாதிரி. நாலடி தள்ளிப் போடுவது போதாது. வேறு வாய்க்கால் பார்ப்பதே நல்லது.