சென்னையின் சுவர்ச் சித்திரங்கள்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். உடலைப் பேணிக் கொள்ள வேண்டும் என்ற கருத்தில் பிறந்த மொழி அது. ஆயினும் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக் கொண்டாலும் ஒரு கேள்வி பிறக்கத்தான் செய்கிறது. சுவர் எவருடையது? அதில் எழுதும் உரிமை எவருடையது? எழுதியபின் அச் சித்திரம் எவருக்குச் சொந்தம்? சென்னைப் பட்டணத்தில் இந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தெருச் சுவர்களில் தோன்றியிருக்கும் பெரிய சித்திரங்களைப் பார்த்து வருவோர்க்கு இக் கேள்விகள் எழாமல் இரா.

பாலசமுத்திரத்திலும் சித்தூர், திருப்பதி வட்டாரத்திலும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சென்னை அயலூர் அன்று. பெரிய மருத்துவமனை என்றாலும், கலியாணத்துக்குப் புடவை எடுப்பது என்றாலும், பிள்ளைகளின் கல்லூரி என்றாலும் அங்கேதான் போகிறோம். திருப்பதியிலிருந்து காலையில் வண்டியில் ஏறினால், ரேணிகுண்டா, புத்தூர், ஏகாம்பரக்குப்பம், திருத்தணி, அரக்கோணம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்க் கழிந்து சென்ட்ரல் வந்துவிடுகிறது. வந்த வேலை முடிந்ததும் மூட்டை முடிச்சுகளுடன் திரும்பவும் சென்ட்ரலுக்கு ஓடுகிறோம். அரை நாள் மிச்சம் இருக்குமானால், அநுமதிச் சீட்டு வாங்காமலே கண்டு வரத் தக்க சித்திரசாலை ஒன்று அந் நகரத் தெருக்களில் விரிந்து கிடக்கிறது. அதைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்கு எழுதலாம் என்று எண்ணினோம்.

முதலில் பழைய கதை. சென்னைச் சுவர் என்றால் ஒரு காலத்தில் சினிமாச் சுவரொட்டி, கட்சிச் சின்னம், மூல வைத்திய விளம்பரம் ஆகிய மூன்றுமே. பொது இடங்களை இவ்வாறு அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆந்திரத்திலும் 1997-இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. சுவரொட்டி சுவரில் இருந்தது. 2009, 2010 ஆண்டுகளில் சென்னை மாநகராட்சியார் வேறோர் உபாயம் செய்தனர். அண்ணா சாலை முதலிய பெருஞ்சாலைகளின் சுவர்களை வெள்ளையடித்து வெறுமே விடாமல், தமிழர் கலை, வரலாறு, இயற்கைக் காட்சி ஆகியவற்றைச் சித்திரமாக எழுதுவித்தார்கள். அழகிய சித்திரத்தின் மேல் பசை தடவக் கை கூசும் என்பது அவர்களுடைய கணக்கு. எல்லாக் கைகளும் கூசின என்று சொல்வதற்கில்லை. எனினும் அபராதத்தைக் காட்டிலும் அழகை நம்பினார்களே, அது பாராட்டத் தக்கது. (நாம் தினமும் வேலைக்குச் சென்று வரும் வழியில் ஒரு சுவர் இருக்கிறது. அதில் வெற்றிலைச் சாறு கொண்டு நம்மவர் எழுதும் செஞ்சித்திரத்தைத் தடுக்கும் உபாயத்தை இன்னும் எவரும் கண்டுபிடித்தபாடில்லை.)

சுவரில் எழுதுவது நமக்குப் புதிய வித்தை அன்று. சித்தன்னவாசலை யாவரும் அறிவர். தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட சுற்றுவழியில், நாயக்கர் காலத்துச் சித்திரங்களின் அடியில் சோழர் காலத்துச் சித்திரங்கள் மறைந்து கிடந்ததை 1931-ஆம் ஆண்டில் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு உலகுக்கு அறிவித்தார். ஒருவர் எழுதியதன் மேல் மற்றொருவர் எழுதிவிடுவது சுவரின் தலைவிதி போலும். நம் ஆந்திர நாட்டிலேயே லேபாட்சிக் கோயில் விதானத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு விஜயநகரத்தார் காலத்து ஆடை அணிகள் கூடக் கண் முன் நிற்கும்.

கோயிலுக்கு வெளியே, தெருவில், பெரிய அளவில் மனித முகம் எழுதும் வித்தையைச் சென்னையில் வளர்த்தவர்கள் சினிமா விளம்பரத் தட்டி எழுதியவர்களே. சிறிய புகைப்படம் ஒன்றைக் கையில் வைத்துக் கொண்டு, துணியில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெருக்கி, நாற்பது அடி உயரத்துக்குக் கதாநாயகனை நிறுத்திவிடுவார்கள். அருகில் நின்று பார்த்தால் நீலமும் ரோஜா நிறமும் திட்டுத் திட்டாகத் தெரியும். சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றால் முகம் சிரிக்கும். இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி, கணினியில் அச்சிடும் ஃபிளெக்ஸ் தட்டி வந்தது. ஓர் இரவில் அச்சாகிக் காலையில் கட்டப்படும் அத் தட்டிக்கு முன் தூரிகை நிற்கவில்லை. எத்தனையோ கைகள் வேலையற்றுப் போயின. அவர்களுடைய பெயர்கள் எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை.

இந்த இழப்பைக் கண்டு வருந்தியவர்களில் ஹனீஃப் குரேஷி என்பவர் ஒருவர். குஜராத்தில் பிறந்தவர். வட இந்தியத் தெருக்களில் பெயர்ப்பலகை எழுதுவோரின் எழுத்து வடிவங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேகரித்து, அவை கணினியிலும் வாழும்படி செய்தார். பின்னர் நண்பர்களுடன் கூடி ‘ஸ்டார்ட் இந்தியா’ என்ற அறக்கட்டளையை நிறுவினார். தில்லியில் லோதி காலனி என்ற அரசாங்கக் குடியிருப்பின் சுவர்களில் இவர்கள் 2015, 2016 ஆண்டுகளில் தொடங்கி எழுதிய சித்திரங்கள் பெரும் புகழ் பெற்றன. அக் குடியிருப்பு வெள்ளையர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் அரசாங்க ஊழியருக்காகக் கட்டப்பட்டதாம். குமாஸ்தாக்களின் வீட்டுச் சுவரைக் காண உலகம் வருகிறது என்றால் நமக்கும் கொஞ்சம் பெருமைதானே! குரேஷி 2024 செப்டம்பரில், நாற்பதைச் சற்றே கடந்த வயதில், காலமானார்.

இவ் அறக்கட்டளையார் சென்னையில் செய்த இரண்டு காரியங்களை மட்டும் இங்கே சற்று விரிவாகச் சொல்லுவோம்.

ஒன்று, இந்திரா நகர் ரயில் நிலையம். கடற்கரையிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயில் பாதையில், கஸ்தூரிபா நகருக்கும் திருவான்மியூருக்கும் இடையில் அது இருக்கிறது. அதன் நீண்ட வெளிச்சுவரில் ஏ-கில், கத்ரா என்ற இரு ஓவியர்கள் 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மனித முகங்களை வரிசையாக எழுதி முடித்தனர். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் இதில் பங்கு கொண்டது. அம் முகங்களில் சில எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்பவர்களுடையவை, மற்றவை அஃது இல்லாதவர்களுடையவை. எது எவருடையது என்று பார்ப்பவர் கண்டுபிடிக்க இயலாது. அதுவே அச் சித்திரத்தின் கருத்து. ‘நாங்கள் இருக்கிறோம்’ என்பது போன்ற தலைப்பையும் அதற்கு இட்டார்கள். தேசத் தலைவர், தெய்வம், நடிகர் இவர்களே பெரிய முகத்துக்கு உரியவர்கள் என்று பழகிவிட்ட நம் கண்ணுக்கு, பக்கத்து வீட்டு அம்மாளைப் போன்ற ஒருத்தி ஒரு நிலையத்தின் உயரத்துக்கு நிற்பது புதுமையாக இருக்கிறது. ரயில் நிலையச் சுவர் என்பது எல்லா வகுப்பாரும் கடந்து செல்லும் இடம். நோயாளியைத் தனிப் பாத்திரத்தில் உண்ணச் சொல்லும் வீட்டாரும் அவ்வழியேதான் போக வேண்டும். நிலையச் சுவருக்கு இதைவிட நல்ல உபயோகம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

மற்றொன்று, கண்ணகி நகர். இதைப் பற்றி எழுதுவது எளிதன்று.

ராஜீவ் காந்தி சாலையில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இருக்கிறது கண்ணகி நகர். 2000-ஆம் ஆண்டு முதல், சென்னையின் நடுவே ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் குடிசையிட்டு வாழ்ந்தவர்களை அரசாங்கம் அங்கிருந்து அகற்றி இங்கே குடியேற்றியது. 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலையில் வீடிழந்தோர் சிலரும் இங்கு வந்தனர். அடுக்கு அடுக்காக 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடியும் இல்லாதவை. வேலை நகரத்தின் நடுவில். வீடு நகரத்தின் விளிம்பில். வீட்டு வேலைக்குச் சென்ற பெண்கள் பலர் பழைய வீடுகளுக்குப் போய்வர இயலாமல் வருவாய் இழந்தனர். பிள்ளைகளின் படிப்பு நின்றது. போதாக்குறைக்கு, ‘கண்ணகி நகர்’ என்று முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கும் நிலை ஏற்பட்டது. சொந்த ஊரை விட்டு வந்து, ஊர்ப்பெயரையும் பேச்சையும் கொண்டு பிறர் நம்மை எடை போடுவதை அறிந்த நமக்கு, அது எத்தகைய துன்பம் என்பதை எவரும் விளக்க வேண்டுவதில்லை. நீதி கேட்டு ஒரு நகரத்தையே எரித்தவளின் பெயரை இவ்விடத்துக்கு எவர் தேர்ந்து வைத்தாரோ!

2020-ஆம் ஆண்டில் இக் குடியிருப்பின் பக்கச் சுவர்களில் சித்திரம் எழுதத் தொடங்கினார்கள். ஜன்னல் இல்லாத, பல அடுக்கு உயரமுள்ள வெற்றுச் சுவர்கள் அவை. ஏஷியன் பெயிண்ட்ஸ் கம்பெனியார் துணை நின்றனர். வர்ணம் விற்பவர் வர்ணம் கொடுத்தால் அதில் அவர்களுக்கும் ஆதாயம் உண்டு என்பதை நாம் அறிவோம். அதனால் வர்ணத்தின் அழகு குறைந்துவிடாது. ஏ-கில், ஓஷீன் சிவா முதலிய ஓவியர்கள் இங்கு எழுதினர். ஒரு சுவரில் இரண்டு சிறுமியர் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். வேற்று நாட்டு முகங்கள் அல்ல, அதே குடியிருப்பில் காணும் முகங்கள். கீழே தண்ணீர்க் குடம், மேலே கொடியில் உலரும் துணி, இவற்றுக்கு நடுவே அந்தச் சிரிப்பு.

இனித்தான் வழக்கு. ‘ஒழுகும் கூரையைச் செப்பனிடாமல் வெளிச்சுவருக்கு வர்ணம் பூசுவது எதற்கு?’ என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குடிநீரும் சாக்கடையும் மருத்துவமும் பேருந்தும் கேட்பவரிடம் சித்திரத்தைக் காட்டிச் சமாதானம் சொல்வதானால், அது சித்திரத்துக்கும் இழுக்கு, கேட்பவருக்கும் இழுக்கு. ஆனால், ‘ஏழைக்கு அழகு எதற்கு?’ என்று அதே கேள்வி உருமாறி வருமானால் நாம் அதை ஒப்ப மாட்டோம். குடிசையில் இருந்தபோதும் வாசலில் கோலம் போட்டவர்கள்தாம் இவர்கள். வெளியூரார் செய்தித்தாளில் கண்ணகி நகர் என்ற பெயரைக் குற்றச் செய்தியோடு மட்டுமே படித்து வந்தார்கள். சித்திரத்தின் பொருட்டு முதன்முறையாக வேறு பக்கத்தில் படித்தார்கள். அது சிறிய காரியம் அன்று. அதே சமயம், அந்தப் பெயரை உண்மையில் நிமிர்த்தியது வர்ணம் மட்டும் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ ஆடினார். ஊர்ப்பெயரை மறைக்காமல் தம் பெயருக்கு முன்னே வைத்துக் கொண்ட அந்தப் பெண் வளர்ந்ததும் அதே சுவர்களுக்கு நடுவில்தான்.

எழுதுவோரின் கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ரயில்வேயில் பீகாரின் மதுபனி நிலையத்தைப் பெரிதும் புகழ்வார்கள். 2017 அக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்ட ஓவியர்கள், பெரும்பாலும் பெண்கள், 7,000 சதுர அடிக்கு மேல் மிதிலைச் சித்திரம் எழுதி அந் நிலையத்தையே மணப்பந்தல் ஆக்கினார்கள். மறு ஆண்டு, நாட்டின் அழகிய நிலையங்களுக்கான போட்டியில் நம் மதுரையுடன் சேர்ந்து அதற்கு இரண்டாம் பரிசு. எல்லாம் சரி, எழுதியவர்கள் கூலியின்றித் தொண்டாக எழுதினார்கள். சிமெண்டு பூசிய கொத்தனாருக்குக் கூலி உண்டு, மின்விளக்கு மாட்டியவருக்குக் கூலி உண்டு, சித்திரம் எழுதியவளுக்கு மட்டும் புகழ் போதும் என்பது என்ன கணக்கோ, கணக்கு எழுதியே பிழைக்கும் நமக்கு விளங்கவில்லை.

மலேயாவிலும் சிங்கப்பூரிலும் உறவினரை உடைய அன்பர்கள் நம்மிடையே உண்டு. பினாங்கில் ஜார்ஜ் டவுன் பழந்தெருக்களில் 2012-இல் எர்னஸ்ட் சகாரெவிச் என்னும் லித்துவேனிய ஓவியர் எழுதிய, மிதிவண்டி ஓட்டும் பிள்ளைகளின் சித்திரத்தைக் காண இன்றும் வரிசை நிற்கிறதாம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் சுவர்களிலோ பூத் தொடுப்பவரும், கிளி ஜோசியரும் நிற்கிறார்கள். கடல் கடந்து சென்று உழைத்த நம்மவரின் தொழில்கள் மறைந்த பின்னர் அவர்களுக்குச் சுவரிலாவது இடம் கிடைத்தது.

நம் பக்கத்திலேயே காளஹஸ்தி இருக்கிறது. மூங்கில் குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி, கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், செடி கொடிகளின் சாயங்களால் இராமாயணத்தை எழுதும் கலம்காரி ஓவியர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். 2005-இல் அக் கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் வட்டாரத்துப் பள்ளிக்கூடச் சுவரையும் பேருந்து நிலையச் சுவரையும் அவர்களிடம், தக்க கூலியுடன், ஒப்படைத்தால் என்ன? நம் சங்கத்தார் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசலாம் என்பது நம் விண்ணப்பம்.

சென்னை செல்வோர்க்கு வழி: சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்தால் பூங்கா நகர் நிலையம். அங்கே வேளச்சேரி வண்டி ஏறி இந்திரா நகரில் இறங்கலாம். நிலையத்துக்கு வெளியே வந்து, சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றுதான் பார்க்க வேண்டும். கண்ணகி நகருக்கு அதே ராஜீவ் காந்தி சாலையில் தெற்கே பேருந்தில் போக வேண்டும். வெயில் ஏறுமுன் போவது நல்லது. கடற்காற்றிலும் மழையிலும் வர்ணம் சிறிது மங்கியிருக்கலாம். அங்கே சுவரை ஒட்டியே அடுப்படியும் படுக்கையும் இருக்கின்றன. ஆதலால் படம் எடுக்க விரும்புவோர் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடுக்கவும்.