அந்தப் பிள்ளைக்கு வீடில்லையா?

சின்னத்திரையைப் பற்றி இலக்கியக்காரர்கள் பேசத் தொடங்கினால் பெரும்பாலும் திட்டித்தான் முடிப்பார்கள். நேயர்களே, நான் திட்ட வரவில்லை. திட்டுகிறவர்களும் இரவில் அந்தப் பெட்டியின் முன்னால்தான் சோறு தின்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் உம்மா நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்ட ஒரு கேள்வியை வைத்து, ஒரு பார்வையாளன் என்ற வகையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

'மெட்டி ஒலி' என்ற தொடர் 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் ஓடியது. இயக்கியவர் திருமுருகன். ஐந்து பெண் பிள்ளைகளைக் கரைசேர்க்கப் பாடுபடும் சிதம்பரம் என்ற தகப்பனின் கதை அது. டெல்லி குமார் அந்தத் தகப்பனாக நடித்தார். இன்றும் மனதில் நிற்கிற நடிப்பு. புகுந்த வீட்டில் மாமியார் படுத்தும் பாட்டைத் தாங்காமல் மகள் கண்ணீர் வடிக்கிறாள். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த உம்மா தலை நிமிர்ந்து கேட்டார்:

"ஏன் மனே, அந்தப் புள்ளைக்கு ஊடு இல்லயா? மாமிட ஊட்ட ஏன் கிடக்குது?"

வெளியூர் நேயர்களுக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாக இருக்கலாம். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் எங்கள் கரையில் இது நியாயமான கேள்வி. இங்கே கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பது பெற்றாரின் கடமை. இருக்கிற வீட்டை மூத்தவளுக்கு விட்டுவிட்டு, வாப்பாவும் உம்மாவும் இளைய பிள்ளைகளோடு அதே வளவின் பின்பக்கத்தில் குடிசை போட்டு ஒதுங்குவதும் உண்டு. இது முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. தாய்வழியில் குடி பார்ப்பதும், மகளுக்கு வீடு கொடுப்பதும் பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இருக்கிற வழக்கந்தான். அக்கரைப்பற்றில் தங்கி இதை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டிருக்கிறார்.

ஆகவே, மாமியின் வீட்டில் மருமகள் அழுகிற கதை எங்களுக்கு அயலூர்க் கதை. எங்கள் ஊரில் புதிய வீட்டில் கூச்சத்தோடு கால் வைப்பவர் மாப்பிள்ளை. எந்தக் கதிரையில் உட்காருவது, குசினிப் பக்கம் போகலாமா, மாமாவின் முன்னால் சத்தமாகச் சிரிக்கலாமா என்று தவிப்பவர் அவர். அதைவிடப் பெரிய நாடகம் அந்த வீட்டின் கல்லுக்கும் சீமெந்துக்கும் பின்னால் இருக்கிறது. மெட்டி ஒலியின் சிதம்பரம் எங்கள் கரையில் பிறந்திருந்தால் ஐந்து வீடு கட்டியிருக்க வேண்டும்! தங்கச்சிமாருக்கு வீடு முடியுமட்டும் தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட காக்காமார் இங்கே எத்தனை பேர். மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டுவிட்டு, கூரைக்குக் காசு தேடி வளைகுடாவுக்குப் பணிப்பெண்ணாகப் போன தாய்மார் எத்தனை பேர். இவர்களை நான் தெருவில் தினமும் காண்கிறேன், திரையில் கண்டதில்லை.

தொடர்காரர்களையும் குறை சொல்ல முடியாது. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரத்தை நிரப்ப வேண்டும். ஒரே வீட்டு மண்டபத்தில், ஒரே விளக்கு வெளிச்சத்தில், நாலு முகங்களை மாறி மாறிக் காட்டி எடுத்தால்தான் செலவு கட்டும். அதற்கு வீட்டுக்குள் நடக்கிற சண்டையே வசதி. நமது நாட்டில் சக்தி தொலைக்காட்சி 1998இலும், வசந்தம் 2009இலும் வந்தன. ஆனாலும் ஒரு நாடகத்தை இங்கே தயாரிப்பதைவிட இந்தியாவில் எடுத்ததை வாங்கிப் போடுவது மலிவு. கணக்குப் பிள்ளையின் புத்தியில் இது சரி.

ஆனால், மாமி மருமகள் பகையென்றால் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிடாதீர்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தொலைக்காட்சிக்காக இயக்கிய 'கிரய' என்ற சிங்கள நாடகமும் மாமியாருக்கு அடங்கி நடக்கிற ஒரு மருமகளின் கதைதான். புண்யகாந்தி விஜேநாயக்க ஆங்கிலத்தில் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. கிரய என்றால் பாக்குவெட்டி. அந்தப் பழைய வளவ்வையின் பெருமை, பணக்கஷ்டம், வேலைக்காரர்களின் மௌனம் எல்லாம் சேர்ந்துதான் மாமியாரின் கொடுமையை உண்டாக்குகின்றன. எங்கள் வழக்கமல்லாத அந்த வீட்டை நாங்கள் நம்பினோம். எழுதியவருக்கும் எடுத்தவருக்கும் அந்த வீடு தெரிந்திருந்தது.

வீட்டை அறியாத நாடகம் பேச்சையும் அறியாது. தமிழ்ப் படங்களில் முஸ்லிம் பாத்திரம் என்றால் நெடுங்காலம் ஒரு தொப்பியும், "நம்பள் நிம்பள்" என்ற ஒரு மொழியுமாகவே இருந்தது. யார் அப்படிப் பேசுகிறார்கள்? 1961இல் வந்த பீம்சிங்கின் 'பாவமன்னிப்பு' இதற்கு விலக்கு. அதில் நாகையாவும் சிவாஜி கணேசனும் முஸ்லிம்களாக வந்து கண்ணியமான தமிழ் பேசினார்கள். அதற்காக அந்தப் படத்தை எங்கள் பெரியவர்கள் நெஞ்சில் வைத்திருந்தார்கள். என்றாலும் அது மேடைத் தமிழ். அடுப்படித் தமிழ் அல்ல. எங்கள் அடுப்படியில் மூத்த சகோதரி 'தாத்தா', மூத்த சகோதரன் 'காக்கா'. இதைக் கேட்டால் சென்னைக்காரருக்கு ஒரு கிழவரும் ஒரு பறவையும் ஞாபகத்துக்கு வரும்.

பேச்சைப் பிடிக்க அதே சமூகத்தில் பிறந்திருக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. அதற்குச் சாட்சி நமது வானொலிதான். இலங்கை வானொலியில் எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகள் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடரைப் பழைய நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1976இல் அது 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. அதில் நாலு பேர், நாலு விதமான தமிழ். ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசினார். செல்வசேகரனின் உபாலி சிங்களவர் பேசுகிற தமிழ் பேசினார். ஐயராக வந்தவர் பி.எச். அப்துல் ஹமீத். முஸ்லிமான மரிக்காராக வந்தவர் ராமதாஸ். முஸ்லிம் ஐயரானார், இந்து மரிக்காரானார்! மரிக்காரின் பேச்சு கொழும்புப் பக்கத்துப் பேச்சு, எங்கள் கரையினுடையதல்ல. ஆனாலும் நாங்கள் அதை ஏற்றுக்கொண்டு சிரித்தோம். அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டு, கடைசிவரை அவர் மரிக்கார் ராமதாஸ்தான். வானொலியில் தொப்பியைக் காட்ட முடியாது. குரலால் மட்டுமே ஆளைக் காட்ட வேண்டும். அதனால் அவர்கள் சனங்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருந்தார்கள்.

சரி, எங்கள் கரைக்கு என்ன நாடகம் எழுதலாம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து இந்த ஊர்களின் கரையோர வீடுகளை வாரிக்கொண்டு போனது. போனவற்றில் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். பிறகு கடலோரத்தில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். மாற்று வீட்டுக்குப் படிவங்கள் வந்தன. அவற்றில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஆணின் பெயரை எழுதியதால், தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு கணவனின் பேருக்குப் போன கதைகள் எங்கள் கரையில் உண்டு.

தாய் கட்டிக்கொடுத்த வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற ஒரு தாத்தா. பக்கத்தில், வாய் திறப்பதா விடுவதா என்று தெரியாமல் அவளுடைய மாப்பிள்ளை. எதிரே பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் உத்தியோகத்தர், "தலைவர் யார்?" என்று கேட்கிறார். முதற் காட்சிக்கு இவ்வளவும் போதும். வசனம் எழுத எங்கள் கரையில் ஆட்கள் இருக்கிறார்கள்.