சீட்டுக்கு அடியில் ஒரு மின்சுற்று

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை ஆறு கரை மீறியது. அண்ணாகிராமம் ஒன்றியத்தின் ஆற்றோர ஊர்கள் தொட்டு கடலூர் நகரின் விரிவுப் பகுதிகள் வரை வெள்ளம் புகுந்தது. இப்படி வெள்ளத்தில் நின்ற காருக்கு என்ஜின் ஆயில் மாற்றுவார்கள், தரைவிரிப்பைக் கழற்றிக் காயவைப்பார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் நிம்மதியாகிவிடுவார்கள். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

பார்க்க வேண்டிய இடம் அதுதான். இன்றைய காரின் முன்சீட்டுக்குக் கீழே, தரையிலிருந்து நான்கைந்து விரல் உயரத்தில், ஒயர்கள் சேரும் கனெக்டர்கள் இருக்கின்றன. பெல்ட் போட்டாயிற்றா என்று பார்க்கும் சென்சார், சீட்டை நகர்த்தும் மோட்டார், பக்கவாட்டு ஏர்பேக், காற்றூதும் விசிறி, குளிர்நாடுகளில் சூடேற்றும் கம்பி என எல்லாவற்றுக்கும் மின்சாரம் அங்கிருந்தே போகிறது. சேற்றுநீர் பட்ட செம்புப் பின்களில் சில மாதங்களில் பச்சைக் களிம்பு பூக்கும். வெள்ளத்தை எல்லோரும் மறந்த பிறகு டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

சூடேறும் சீட் கடலூருக்குத் தேவைப்படாது. ஆனால் டொரன்டோவிலும் ஆஸ்லோவிலும் வாழும் தமிழர்களுக்கு ஜனவரி மாதத்தில் அது ஆடம்பரமல்ல. அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் 1966ஆம் ஆண்டு மாடல்களிலேயே இந்த வசதியைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் அதைச் சாதாரணக் குடும்பக் கார்களுக்கும் கொண்டுவந்தது.

அதன் தத்துவம் இஸ்திரிப் பெட்டியின் தத்துவமேதான். சீட் உறைக்கும் பஞ்சுக்கும் நடுவே மெல்லிய மின்தடைக் கம்பியோ கார்பன் இழையோ பரப்பிய விரிப்பு இருக்கும். அதன் தடை 3 ஓம் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடி 48 வாட் வெப்பம் வரும். சூட்டை அளக்க ஒரு தெர்மிஸ்டர் உண்டு. அது தரும் கணக்கை வைத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தைக் கூட்டும், குறைக்கும், நிறுத்தும்.

சீட் சூடாகவில்லை என்றால், அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் முதலில் ஃப்யூஸைப் பார்ப்பார். அடுத்து சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரிகிறதா என்று கவனிப்பார். எரிந்து, சில விநாடிகளில் தானாக அணைந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதைக் கண்டுகொண்டு தன்னை நிறுத்திக்கொள்கிறது என்று பொருள். பிறகு சீட்டின் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து விரிப்பின் இரு முனைகளையும் தொடுவார். சில ஓம் காட்டினால் விரிப்பு நலம். கோளாறு ஒயரிலோ சுவிட்சிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ இருக்கலாம். மீட்டர் முடிவில்லாத தடையைக் காட்டினால் கம்பி உள்ளே அறுந்திருக்கிறது. உட்காரும் பகுதியையும் சாயும் பகுதியையும் ஒரே வரிசையில் இணைத்திருக்கும் கார்களில் ஒன்று அறுந்தால் இரண்டுமே செத்துப்போகும்.

கம்பி அறுவது பெரும்பாலும் ஏறி இறங்கும் ஓரத்திலும் மடிப்பிலும். பின்சீட்டில் பொருள் எடுக்க முன்சீட்டில் முழங்காலை ஊன்றுவது அதற்கு முக்கியக் காரணம். முழு உடல் பாரமும் ஒரே புள்ளியில் இறங்கினால் மெல்லிய கம்பி தாங்காது. அறுந்த முனைகளை முறுக்கி டேப் சுற்றுவது ஆபத்து. அந்த மூட்டில் தடை கூடி, அங்கே மட்டும் சூடு குவிந்து, பஞ்சு கருகும். விரிப்பை மாற்றுவதே சரி. அதற்காக முழுச் சீட்டையும் மாற்ற வேண்டியதில்லை.

இந்த வேலையில் விளையாடக் கூடாத பொருள் ஒன்று உண்டு: மஞ்சள் நிறக் கனெக்டர். அது ஏர்பேக்குக்கு உரியது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அதைத் தொட வேண்டும். மல்டிமீட்டரை அதில் வைக்கவே கூடாது. மீட்டரின் சிறு மின்னோட்டம்கூட ஏர்பேக்கை வெடிக்கவைக்கக்கூடும்.

சீட் சூடாகாதது வெறும் அசௌகரியம். அளவுக்கு மீறிச் சூடாவதுதான் ஆபத்து. 44 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டால் தோல் வெந்துவிடும் என்று 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். சூடு கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கும் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கும் சுடுவதே தெரியாது. அப்படித் தீக்காயம் பட்டவர்கள் அமெரிக்காவில் உண்டு. சீட்டின் உச்ச வெப்பத்துக்கு வரம்பு கட்டும்படி 2011இல் அங்கே மருத்துவர்களும் பாதுகாப்பு ஆர்வலர்களும் அரசிடம் கேட்டார்கள். பண்ருட்டியிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கனடா போகும் அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், நெடும்பயணத்தில் அந்த சுவிட்சை அணைத்துவைப்பது பிள்ளைகளின் பொறுப்பு.

நம் ஊருக்கு வந்திருப்பது இதற்கு நேரெதிரான சீட். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், 2017இல் வெளியிட்ட புதிய வெர்னாவில் காற்றோட்ட சீட்டைக் கொடுத்தது. பிறகு நடுத்தர விலைக் கார்கள் பலவற்றிலும் அது பரவியது. சீட்டுக்குள் இருக்கும் சிறு விசிறிகள், துளையிட்ட உறை வழியாகக் காற்றை ஓடவிட்டு வியர்வையை உலர்த்துகின்றன. கத்திரி வெயிலில் விருத்தாசலம் வரை போய்வருபவருக்கு அதன் அருமை தெரியும்.

“காத்தே வரலை” என்று வரும் வண்டிகளில் சிலவற்றுக்கு மல்டிமீட்டரே தேவைப்படாது. புது வண்டி அழுக்காகிவிடுமே என்று துளையுள்ள உறையின் மேல் கெட்டி ரெக்சின் கவர் மாட்டியிருப்பார்கள். விசிறி ஓடும், காற்றுக்கு வழி இருக்காது. அதே கவர், சீட்டின் பக்கவாட்டிலிருந்து விரியவேண்டிய ஏர்பேக்கையும் தடுக்கலாம். இன்னொரு பகை, முந்திரிக்காட்டுச் சாலைகளின் செம்மண் புழுதி. அது விசிறியில் படிந்தால் முதலில் சத்தம் வரும், பிறகு சுற்றுவது நிற்கும். வெள்ளத்தில் நனைந்த விசிறியும் கடைசியில் இந்த நிலைக்கே வரும்.

மேற்சொன்ன சோதனைகளுக்குத் தேவையான மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனாலும் எதையும் அளந்து பார்க்காமல் “செட்டையே மாத்திடலாம் சார்” என்று பில் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. எந்த பாகம் செத்தது, மீட்டர் என்ன காட்டியது, கனெக்டரில் களிம்பு இருந்ததா என்று கேட்க வண்டிக்காரருக்கு முழு உரிமை உண்டு. கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்லலாம். வெள்ளம் பார்த்த வண்டியை வாங்குபவர்கள் சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, அடியில் சேற்றுக்கறையும் துருப்பிடித்த போல்ட்டும் இருக்கின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஐடிஐ முடித்து கடலூர், நெல்லிக்குப்பம் பட்டறைகளில் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு சீட் மின்சுற்றைப் படிக்கவும் மஞ்சள் கனெக்டரைப் பாதுகாப்பாகக் கையாளவும் தனிப் பயிற்சி தரவேண்டிய காலம் வந்துவிட்டது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அதைத் தொடங்கலாம்.