ஆளுக்கொரு டம்ளர் டிராமிசு

ரமணாசிரமம் பகுதியில் குடியிருப்பவரா நீங்கள்? அப்படியானால் டிராமிசு என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைந்துவிடுகிறார்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவர் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளையே எங்கோ சாப்பிட்டுவிட்டு வந்து கேட்டிருக்கும்.

"அதற்கு ஓவன் வேண்டும், காபி மெஷின் வேண்டும், முட்டையும் மதுவும் சேரும், நமக்கு எதற்கு" என்று ஒதுக்கி வைத்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அந்த நான்கும் இல்லாமலே நன்றாக வரும். உங்கள் வீட்டு காபி ஃபில்டர், ஒரு எலுமிச்சம்பழம், ரஸ்க், கிரீம், ஃபிரிட்ஜ் ஆகியவை போதும். கூடவே கொஞ்சம் பொறுமை.

முதலில், டிராமிசு என்றால் என்ன?

காபியில் நனைத்த பிஸ்கட் ஓர் அடுக்கு, இனிப்பான கெட்டிக் கிரீம் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி வைத்து, குளிரவிட்டு, மேலே கசப்பான கோகோ பொடி தூவினால் அதுதான் டிராமிசு. இத்தாலிய மொழியில் 'என்னைத் தூக்கி விடு' என்று பொருள். சோர்ந்தவருக்குத் தெம்பு தருவது என்ற கருத்தில் வந்த பெயர்.

வட இத்தாலியில் வெனிஸுக்குப் பக்கத்தில் உள்ள த்ரெவீசோ நகரின் 'லே பெக்கரியே' உணவகம் 1970-களின் தொடக்கத்தில் இதைப் பரிமாறிப் புகழ் பெற்றது. பக்கத்து ஃப்ரியூலி பகுதிக்காரர்கள் தங்களுடையதே முந்தியது என்கிறார்கள். எது சரியானாலும், நம் டிகிரி காபியைவிட இது வயதில் சின்னது. பெரிய வித்தை என்று மலைக்க வேண்டாம்.

முட்டையும் மதுவும் இல்லாமல் அது டிராமிசு ஆகுமா?

மது விஷயத்தில் கவலையே வேண்டாம். த்ரெவீசோவின் தொடக்கக் குறிப்பிலேயே மது கிடையாது. ஒயினும் ரம்மும் பிறகு மற்றவர்கள் சேர்த்தவை.

முட்டை உண்டு. மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு பச்சையாக அடித்துச் சேர்ப்பார்கள். நாம் விட்டுவிட இரண்டு காரணங்கள். இந்தப் பகுதியில் சைவ வீடுகள் அதிகம். அடுத்தது, பச்சை முட்டையில் சால்மொனெல்லா (வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் கிருமி) இருக்கலாம். நம் ஊர் வெயிலில் அந்த ஆபத்துக்கு இடம் தரக்கூடாது. முட்டை தரும் மென்மையை, நுரைக்க அடித்த கிரீம் தந்துவிடும்.

ஜெலட்டினும் (மாட்டு எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து எடுக்கும் உறையவைக்கும் பொருள்) வேண்டாம். குளிரில் கிரீமின் கொழுப்பு இறுகுவதாலும், ரஸ்க் ஈரத்தை இழுத்துக்கொள்வதாலும் இது தானாகவே கெட்டியாகிவிடும்.

ஏன் தட்டில் செய்யாமல் டம்ளரில்?

இத்தாலியில் பெரிய தட்டில் செய்து வெட்டிக் கொடுப்பார்கள். நமக்கு டம்ளரே நல்லது. எச்சில் பார்க்கும் வீட்டில் ஆளுக்கொரு டம்ளர் என்றால் பெரியவர்களுக்கும் சங்கடம் இல்லை. சின்ன டம்ளர் சீக்கிரம் குளிரும். வெட்டும்போது சரிந்து விழாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி மாற்றிச் செய்யலாம். பாட்டிக்குச் சர்க்கரை குறைத்து, குழந்தைக்குக் காபி இல்லாமல், பால் பொருளே தொடாத மாடிவீட்டு விருந்தாளிக்குத் தேங்காய்ப் பாலில் என்று ஒரே நேரத்தில் செய்துவிடலாம். ஒரே தட்டில் இது முடியாது.

என்னென்ன வேண்டும்?

150 மி.லி. கொள்ளும் 6 கண்ணாடி டம்ளர்களுக்கு (டீக்கடை கிளாஸைவிடச் சற்றுப் பெரியது) இந்த அளவு:

- ஃப்ரெஷ் கிரீம் 400 மி.லி. (200 மி.லி. பாக்கெட் இரண்டு)
- எலுமிச்சைச் சாறு ஒன்று முதல் ஒன்றரை மேசைக்கரண்டி
- விப்பிங் கிரீம் 150 மி.லி.
- பொடித்த சர்க்கரை 50 கிராம் (சுமார் 6 மேசைக்கரண்டி)
- காபிப் பொடி 40 கிராம்
- ரஸ்க் 9
- இனிப்பில்லாத கோகோ பொடி 2 தேக்கரண்டி

கிரீம் இரண்டு வகை எதற்கு?

முதல் வகையிலிருந்து மஸ்கார்போன் (இத்தாலியின் மென்மையான கிரீம் சீஸ்) செய்யப் போகிறோம். இரண்டாவது வகையை நுரைக்க அடித்து அதில் கலப்போம். ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு பொதுவாக 25 சதவீதம்தான். எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. நிற்க வேண்டுமானால் குறைந்தது 30 சதவீதம் வேண்டும். பாக்கெட்டின் பின்புறம் பார்த்து வாங்குங்கள். சில விப்பிங் கிரீம்கள் பாலில் செய்தவை அல்ல, தாவர எண்ணெயில் சர்க்கரை சேர்த்துச் செய்தவை. அதுதான் கிடைத்தது என்றால் பொடித்த சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள்.

விப்பிங் கிரீமே கிடைக்கவில்லையா? மஸ்கார்போனில் பொடித்த சர்க்கரையும் இரண்டு கரண்டி பாலும் சேர்த்து இளக்கி அதை மட்டும் வையுங்கள். கொஞ்சம் கனமாக இருக்கும், நான்கு டம்ளர்தான் வரும், ருசி குறையாது.

மஸ்கார்போனை வீட்டில் செய்ய முடியுமா?

பன்னீர் செய்யத் தெரிந்தவருக்கு இது எளிது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும். அதன்மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து ஃப்ரெஷ் கிரீமை ஊற்றிக் கிளறுங்கள். மேலே ஆவி வந்து, ஓரத்தில் சின்னக் குமிழ்கள் தெரிந்தால் சூடு 85 டிகிரி செல்சியஸை நெருங்கிவிட்டது. பொங்க விடக்கூடாது.

இப்போது எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அதே சூட்டில் ஐந்து நிமிடம் கிளறுங்கள். பன்னீர் போலத் திரிதிரியாகப் பிரியாது. கரண்டியின் பின்புறத்தில் படிகிற அளவுக்குக் கெட்டிப்படும், அவ்வளவுதான். "திரியவில்லையே" என்று மேலும் மேலும் சாறு விடாதீர்கள், புளித்துவிடும். கிரீமில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு. அதனால்தான் கட்டியாகாமல் வெண்ணெய் போல மென்மையாக இருக்கிறது.

ஆறியபின், சுத்தமான மெல்லிய துணியை நான்காக மடித்து வடிகட்டியில் விரித்து, அதில் ஊற்றி, கீழே ஒரு கிண்ணம் வைத்து, மூடி, ஃபிரிட்ஜில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் சுமார் 250 கிராம் மஸ்கார்போன் கிடைக்கும். இந்த இரவைச் சுருக்காதீர்கள். நீர் வடியாத கிரீம் டம்ளரில் கெட்டிப்படாது, கஞ்சி மாதிரி ஓடும்.

கிண்ணத்தில் வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசையலாம். ரமணர் விடியுமுன் ஆசிரமச் சமையலறையில் அமர்ந்து காய் நறுக்கியதும், எதையும் வீணாக்க விடாததும் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. அந்தப் பழக்கம் நம் சமையலறைக்கும் நல்லது.

கடையில் வாங்கும் மஸ்கார்போன் சைவமா?

சில சீஸ்களை உறைய வைக்க ரென்னெட் (கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி) சேர்ப்பார்கள். மஸ்கார்போனுக்கு அது தேவையில்லை, அமிலமே போதும். வாங்குவதானால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ரஸ்க் பாக்கெட்டிலும் பாருங்கள்.

எஸ்பிரசோ மெஷின் இல்லாமல் காபி?

எஸ்பிரசோ (அழுத்தத்தில் வேகமாக இறக்கும் திக்கான காபி) இங்கே எதற்குத் தேவைப்படுகிறது? பிஸ்கட்டை நனைக்கத்தான். அந்த வேலைக்கு நம் முதல் டிகாஷன் கச்சிதம். ஃபில்டரில் 40 கிராம் பொடி போட்டு, 250 மி.லி. கொதிநீர் ஊற்றினால் சுமார் 160 மி.லி. டிகாஷன் இறங்கும். இரண்டு தேக்கரண்டி சர்க்கரை கரைத்து முழுவதும் ஆறவிடுங்கள். இரண்டாம் டிகாஷன் வேண்டாம், நீர்த்திருக்கும்.

பொடியில் சிக்கரி (காசினிச் செடியின் வேரை வறுத்து அரைத்தது) எவ்வளவு என்று பாருங்கள். சட்டப்படி காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அதாவது சில பாக்கெட்டுகளில் ஏறக்குறைய பாதி சிக்கரியாகவே இருக்கலாம். பால் சேர்த்துக் குடிக்கும்போது அது தெரியாது. இதில் கோகோவின் கசப்போடு சேர்ந்து நாக்கில் நிற்கும். 80-க்கு 20 கலவையோ சிக்கரி இல்லாத பொடியோ நல்லது.

ரஸ்க் சரிப்படுமா?

இத்தாலியர்கள் சவோயார்டி (விரல் போல நீண்ட, லேசான முட்டை பிஸ்கட்) வைப்பார்கள். பேக்கரி ரஸ்க் அதைவிடக் காய்ந்தது, நன்றாகவே உறிஞ்சும். ஏலக்காய் ரஸ்க் வேண்டாம், அந்த மணம் காபியை மூடிவிடும். இனிப்பு குறைந்த சாதா ரஸ்க் வாங்குங்கள்.

ஆறிய டிகாஷனில் ஒரு பக்கம் முக்கி, திருப்பி, 'ஒன்று, இரண்டு' எண்ணி எடுத்துவிடுங்கள். நடுவில் கொஞ்சம் காய்ந்திருந்தால் சரி, ஃபிரிட்ஜில் தானே ஊறும். சூடான டிகாஷனில் முக்கினால் கையிலேயே உடையும்.

அடுக்குவது எப்படி?

பாத்திரத்தையும் துடுப்பையும் கால் மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள். விப்பிங் கிரீமும் ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்க வேண்டும். கோடையில் இந்த வேலையை விடியற்காலையில் செய்யுங்கள். சர்க்கரை சேர்த்து அடியுங்கள். துடுப்பைத் தூக்கினால் நுனி மெல்ல வளைந்து நிற்க வேண்டும், அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் தயிர் கடைந்த கதைதான், வெண்ணெய் திரண்டுவிடும்.

மஸ்கார்போனைக் கரண்டியால் இளக்கி, அடித்த கிரீமை மூன்று தடவையாகச் சேர்த்து, அடியிலிருந்து மேலாக மெதுவாகப் புரட்டுங்கள். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒன்றரை ரஸ்க். பாதியை உடைத்து நனைத்து அடியில் வையுங்கள், மேலே கிரீம். மறுபடி ரஸ்க், மறுபடி கிரீம். மேற்பரப்பைச் சமப்படுத்தி மூடி, குறைந்தது ஆறு மணி நேரம் குளிரவிடுங்கள்.

கோகோ பொடியைப் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும். டீ வடிகட்டியில் போட்டுத் தட்டினால் சீராக விழும். முன்பே தூவினால் நனைந்து திட்டுத்திட்டாகும். பாலில் கலக்கும் சாக்லேட் பவுடரைப் போடாதீர்கள். அது இனிப்பு. இங்கே வேண்டியது கசப்பு.

எத்தனை நாள் தாங்கும்? கரண்ட் போனால்?

ஃபிரிட்ஜில் இரண்டு நாள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் மனம் வராவிட்டாலும் கொட்டிவிடுங்கள். பால் பொருள் மணம் மாறாமலும் கெட்டிருக்கும்.

வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம்தான். பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோவதானால் மூடிய டப்பாவில், பைக்குள் வைத்து எடுத்துப் போங்கள். இந்தத் தெருக்களில் குரங்குகள் கையில் இருப்பதைப் பறிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கண்ணாடி டம்ளர் உடைந்தால் காலைப் பதம் பார்க்கும்.

யாருக்கு எதை மாற்றலாம்?

குழந்தைகளுக்கு: டிகாஷனுக்குப் பதில் கோகோ கரைத்த ஆறிய பாலில் ரஸ்க்கை நனையுங்கள். பெரியவர்களுக்கும் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பதே நல்லது.

பால் பொருள் தவிர்ப்பவருக்கு: தேங்காயின் முதல் பாலை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே கெட்டியாக மிதக்கும். அதை எடுத்து, ஊறவைத்து நைசாக அரைத்த முந்திரியோடு கலந்தால் கிரீம் தயார். ரஸ்க்கிலும் பால் இல்லாததாகப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிக்கு: கிரீமில் சர்க்கரையைப் பாதியாக்கலாம். ஆனால் ரஸ்க் மைதாவும் சர்க்கரையும் சேர்ந்தது. கிரீமில் கொழுப்பும் அதிகம். ஆகவே அரை டம்ளரோடு நிறுத்துவது நல்லது.

இவ்வளவு நேரம் இல்லையென்றால்?

அஃபொகாட்டோ ('மூழ்கியது' என்று பொருள்) செய்யுங்கள். டம்ளரில் ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம், மேலே சூடான டிகாஷன் இரண்டு மேசைக்கரண்டி. முடிந்தது. இதுவும் இத்தாலியில் எல்லோரும் சாப்பிடுவதுதான்.

இன்னொன்று கிரானிட்டா (சுரண்டிய காபிப் பனி). சர்க்கரை கரைத்த டிகாஷனைத் தட்டில் ஊற்றி ஃபிரீசரில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் தூள் பனியாகும். பாலே சேராததால் பால் பொருள் தவிர்ப்பவருக்கும் ஆகும்.

எப்போது தொடங்க வேண்டும்?

ஞாயிறு மதியம் விருந்து என்றால், வெள்ளி இரவு கிரீமைக் காய்ச்சி வடிய விடுங்கள். சனி காலை டிகாஷன் இறக்கி, ஆறியதும் அடுக்கி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஞாயிறன்று உங்களுக்கு மிச்சம் இருக்கும் வேலை கோகோ தூவுவது மட்டுமே. உட்கார்ந்து விருந்தாளிகளோடு நீங்களும் சாப்பிடலாம்.